ஒரு வாரத்தில் பத்து வருஷம்

வெள்ளந்திப்பேட்டை எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களே நாலு பேரை விசாரித்துத்தான் வீடு போய்ச் சேருகிறார்கள். அங்கே தொழிற்பேட்டையின் கடைசி ஷெட்டில் சிட்டுக்குருவி பென் டிரைவ் கம்பெனி இருக்கிறது. கட்டைவிரல் அளவு சாமான். பாட்டோ பாடமோ படமோ, எதையும் அதில் பதிந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

அந்தக் கம்பெனியில் சோதனைப் பிரிவின் தலைவர் தணிகாசலம். வயது நாற்பத்தொன்பது. சொன்னதைச் சொன்னபடி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. "பெட்டி நனையாமப் பாத்துக்க" என்று முதலாளி சொன்னதற்காக, ஒரு கோடை முழுவதும் ஷெட்டுக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு நின்றவர். அவருக்குக் கீழே அஞ்சுகம், மாசிலாமணி என்று இரண்டு பேர். இருவரும் அவரையே குருவாக நினைத்தார்கள். அதுதான் சிக்கல்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை முதலாளி சௌந்தரவேலு ஒரு கடிதத்தோடு வந்தார்.

"தணிகாசலம், நல்லாக் கேட்டுக்கய்யா. பள்ளிக்கூடச் சங்கத்துக்காரங்க ஐந்நூத்து இருபது பென் டிரைவ் கேக்கறாங்க. பதிஞ்சது பத்து வருஷம் அழியாம இருக்கும்னு சோதிச்சு, உன் கையெழுத்தோட சான்றிதழ் வைக்கணும். அடுத்த வெள்ளிக்கிழமை நாலு மணி லாரியில ஏத்திடணும். நம்ம கையில இருக்கிறது இந்த ஒரே ஆர்டர்தான். தவறிச்சுன்னா ஷட்டரை இறக்கிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்."

"எத்தனை மணிக்கு முதலாளி?" என்று மாசிலாமணி ஆர்வமாகக் கேட்டான்.

முதலாளி அவனை ஒரு தரம் முறைத்தார். மச்சினன் வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

பத்து வருஷம் தாங்குமா என்று பார்க்க ஷெட்டில் ஒரு சூட்டுப்பெட்டி இருக்கிறது. சூட்டில் சாமான் சீக்கிரம் தேயும் என்பதால், அதில் சில நாள் வைத்தெடுத்தால் பத்து வருஷக் கணக்கு தெரிந்துவிடும். ஆனால் முதலாளி சூட்டுப்பெட்டி என்று வாயைத் திறந்து சொல்லவில்லையே! சொல்லாததைத் தணிகாசலம் செய்யமாட்டார். தவிர, அந்தப் பெட்டியில்தான் அஞ்சுகம் தினமும் சாம்பார் சாதத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள்.

"பத்து வருஷம் சோதிக்கணும். ஒரே வாரத்துல முடிக்கணும்" என்று தணிகாசலம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "நடக்கிற காரியமா அஞ்சுகம்?"

"ஏன்ணே நடக்காது?" என்றாள் அஞ்சுகம். "ஒரு ஆள் பத்து நாள்ல வெட்டற குழியைப் பத்து ஆள் ஒரே நாள்ல வெட்டறாங்கல்ல? ஒவ்வொரு பென் டிரைவும் ஒரு வாரம் இருக்கட்டும். ஐந்நூத்து இருபது பென் டிரைவுக்கு ஐந்நூத்து இருபது வாரம். அது பத்து வருஷம்!"

தணிகாசலத்துக்குப் புல்லரித்துப் போனது. மாசிலாமணி மட்டும் காகிதத்தில் பெருக்கிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"பன்னிரண்டு நாள் குறையுதுண்ணே."

"அட போடா. பத்து வருஷத்துல தீபாவளி, பொங்கல்னு பன்னிரண்டு நாள் லீவுகூடவா கிடையாது?" என்று தணிகாசலம் அதட்டினார்.

அடுத்தது, எதைப் பதிவது? அழியாமல் இருக்கிறதா என்று பிறகு கூப்பிட்டுக் கேட்க வேண்டுமே! யோசித்து யோசித்து, பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கும்போது பிள்ளைகள் சொல்வார்களே, "உள்ளேன் ஐயா", அதையே பதிவதென்று முடிவாயிற்று. ஒரு தடவை பேசி எல்லாவற்றிலும் நகல் எடுத்திருக்கலாம். மாசிலாமணி சம்மதிக்கவில்லை.

"காப்பி அடிக்கிறது தப்புண்ணே. அதுவும் பள்ளிக்கூடத்துக்குப் போற சாமான்."

எனவே ஐந்நூற்று இருபது தடவையும் அவனே தனித்தனியாகச் சொன்னான். முந்நூறு தாண்டியதும் தொண்டை கட்டியது. கடைசி நூறில் வெறும் காற்றுதான் வந்தது.

ஒரு வாரம் மூன்று பேரும் மூச்சுக்கூடப் பலமாக விடாமல் அந்த மேசையைக் காவல் காத்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தது. தணிகாசலம் வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

"ஒண்ணாம் நம்பர்!"

சத்தம் இல்லை.

"ரெண்டாம் நம்பர்!"

ஐந்நூற்று இருபதும் வாயைத் திறக்கவில்லை. தணிகாசலம் பதிவேட்டை மூடினார். ஷட்டர் தானாகவே இறங்குவது போலிருந்தது அவருக்கு.

"அதது இடத்துல உக்காந்தாத்தாண்ணே பதில் சொல்லும்" என்று அஞ்சுகம் முதல் பென் டிரைவைக் கம்ப்யூட்டரில் செருகினாள். "உள்ளேன் ஐயா!" என்று கணீரென்று கேட்டது. தணிகாசலம் மேசையில் தட்டித் துள்ளினார். ஒவ்வொன்றாகச் செருகினார்கள். முந்நூறு தாண்டியதும் குரல் கரகரத்தது. கடைசியில் செருகியது, நோயாளி போல, "உள்... ளே..." என்று இழுத்தது.

அஞ்சுகம் அதை உருவி உள்ளங்கையில் வைத்துத் தடவிக் கொடுத்தாள்.

"பாவம், வயசாயிடுச்சு" என்றாள் அஞ்சுகம். "பத்து வருஷம் சும்மாவா?"

அப்போதுதான் தணிகாசலத்துக்கு உறைத்தது. பென் டிரைவுக்குப் பத்து வருஷம் ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கும் பத்து வருஷம்தானே? நாற்பத்தொன்பதும் பத்தும் ஐம்பத்தொன்பது. கம்பெனியில் ஐம்பத்தெட்டில் ஓய்வு. அவர் நாற்காலியிலிருந்து சடாரென்று எழுந்தார்.

"ஐயையோ! ஒரு வருஷமா உரிமையில்லாம இதுல உக்காந்திருக்கேனே!"

மாலை மூன்றரைக்கு முதலாளி ஓடி வந்தார். வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். உள்ளே தணிகாசலம் கழுத்தில் சாமந்தி மாலை. மேசையில் கேசரி, மிக்சர். அஞ்சுகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பிரிவு உபசார மடல் வாசித்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டியா?"

"எப்படி முதலாளி? நான் ரிட்டையர் ஆகி ஒரு வருஷம் ஆகுது. நான் போட்டா செல்லாது."

மாசிலாமணி அஞ்சுகத்தின் காதில் கிசுகிசுத்தான். "முதலாளி பத்து வருஷம் கழிச்சு வந்திருக்கார். ஒரு நரைகூட இல்ல பாத்தியாக்கா?"

"சாயம் அடிக்கறாருடா."

நடந்ததையெல்லாம் கேட்ட முதலாளி, தலையில் அடித்துக்கொள்ளக் கையைத் தூக்கினார். ஹாரன் மறுபடி அலறியது. மணி மூன்று ஐம்பது. தூக்கிய கையை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"சரிப்பா. ஓய்வு பெற்ற தணிகாசலத்தை மறுபடியும் வேலைக்கு எடுத்துக்கறேன். போடு கையெழுத்தை!"

"வாயால சொன்னா எப்படி முதலாளி? உத்தரவு வேணுமே."

முதலாளி காலியாகக் கிடந்த ஒரு காகிதக் கேசரித் தட்டைக் கவிழ்த்து, அதன் முதுகிலேயே நியமன உத்தரவு எழுதிக் கொடுத்தார். தணிகாசலம் அதை இரண்டு முறை படித்தார். மாலையைக் கழற்றினார். பேனாவை உதறி, கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் எழுதினார். மூன்று ஐம்பத்தெட்டுக்குப் பெட்டி லாரியில் ஏறியது. முதலாளி மீதிக் கேசரியைத் தின்றுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடச் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. முதலாளி அதைப் பிரித்து உரக்க வாசித்தார்.

"ஐயா, சரக்கு உரிய நேரத்தில் வந்து சேர்ந்தது. மிக்க மகிழ்ச்சி. இனி எங்கள் ஆர்டர் எல்லாம் உங்களுக்கே. சான்றிதழில் போட்டிருக்கும் தேதி வருவதற்கு இன்னும் பத்து வருஷம் இருப்பதால், அதுவரை பெட்டியைத் திறக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறோம்."

தணிகாசலத்தின் முகம் சுருங்கிவிட்டது.

"பாத்தீங்களா முதலாளி? நம்ம மேல நம்பிக்கையில்லாம அவங்க மறுபடியும் முதல்லேருந்து சோதிக்கறாங்க!"