பாசிக்கு எரு

ஊருக்குப் போகிறவர்போலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் கோமதிநாயகம் சோலைக்குள் இறங்கினார். ஓய்வுபெற்ற ஓவர்சியர். வயது அறுபத்தொன்று. நாலு மடங்களில் இருந்து பார்த்துவிட்டு, ஐந்தாவதாக இந்த மலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. இங்கே அவருக்குக் குரு தவமணியம்மா. அவரைவிட இருபது வயது சிறியவர்.

வந்த அன்று குரு ஒரே ஒரு வேலை தந்தார். ஊற்றைச் சுற்றிப் படர்ந்திருக்கும் பாசியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிர்பச்சை நிறம், பஞ்சுபோல மெத்தென்று இருக்கும். கோடையிலும் ஊற்று வற்றாமல் இருப்பது அதனால்தான்.

இப்போது அதில் பாதி கருகிக் கிடந்தது. குரு பக்கத்தில் குந்தியிருந்தார்.

“என்ன போட்டீங்க?”

“அடுப்புச் சாம்பல். கொஞ்சம் எரு.”

“பசிக்குதுன்னு சொல்லிச்சா?”

“வெளிறிக் கெடந்துதும்மா.”

“அதோட நிறமே அதுதான்.” குரு அண்ணாந்து பார்த்தார். “இங்க எப்படி வெயில் விழுது?”

“ரெண்டு கிளையைக் கழிச்சேன். இருட்டுல எது வளரும்?”

“நல்லவேளை, காம்பவுண்டுச் சுவர் எழுப்பலை.”

கோமதிநாயகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. “எங்க போனாலும் எனக்கு வேர் பிடிக்க மாட்டேங்குது. இங்கயாவது மனசு அடங்குமா, இல்ல கிளம்பட்டுமா? இன்னைக்குச் சொல்லிடுங்க.”

குரு கருகாத பக்கத்தில் ஒரு பிடி அள்ளி நீட்டினார்.

“இதுல வேரைக் காட்டுங்க.”

கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பிரித்துப் பார்த்தார். நுனி பச்சை. கீழே பழுப்பு. அடியில் கறுத்து மக்கியிருந்தது. வேர் இல்லை.

“அப்ப எப்படித் தண்ணி குடிக்கும்?”

“மழை வந்தா வாங்கிக்கும். மஞ்சு மூடிப் பனி எறங்கினா வாங்கிக்கும். பிழிங்க.”

பிழிந்தார். ஒரு டம்ளருக்குக் குறையாத தண்ணீர் முழங்கை வரை வழிந்து சட்டையை நனைத்தது.

உடனே குனிந்து, கருகிய இடத்தில் இருந்த எருவை இரண்டு கையாலும் வழிக்கத் தொடங்கினார். பாசியும் சேர்ந்து பிய்ந்து வந்தது. குரு அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“விடுங்கம்மா. கெடுத்தவன் நான். இதைச் சரி பண்ணாம என்னால போக முடியாது, இருக்கவும் முடியாது. என்ன செய்யணும்? எதுன்னாலும் செய்றேன்.”

“சொன்னதைச் செய்வீங்களா?”

“சத்தியமா.”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார். ஈரம் வேட்டியில் ஏறியது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

“உக்காந்துட்டேன். அப்புறம்?”

“அப்புறம்னு நான் எங்கய்யா சொன்னேன்?”