எடுத்துக் கொடுத்த சொல்

கடலோர ஊர் அது. ஊருக்கு ஒரே பள்ளிவாசல். அங்கே தொழவைத்து வந்த தாவூது ஹஜ்ரத்துக்கு நாற்பது வயது. அவர் கையைப் பிடித்துச் சீடரான நெய்னா லெப்பைக்கு அறுபத்திரண்டு. சீடர் மூத்தவர், குரு இளையவர் என்று ஊர் கொஞ்ச நாள் சிரித்தது. பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டது.

நெய்னாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குர்ஆனில் பாதியை அவருடைய வாப்பா சொல்லச் சொல்லக் காதால் வாங்கியவர். காதில் விழுந்த எதுவும் அவரை விட்டுப் போகாது. நல்லதும் போகாது, கெட்டதும் போகாது.

அப்படிப் போகாத சொல் ஒன்று பதினேழு வருஷமாக அவருக்குள் கிடந்தது. அதே ஊர் அசனார் சொன்ன சொல் அது.

அன்று வெள்ளிக்கிழமை. ஹஜ்ரத்துக்குத் தொண்டை கட்டி மூன்று நாளாகியிருந்தது. காதோடு பேசுகிற அளவுக்குத்தான் குரல் வந்தது. அதனால் ஜும்மா தொழவைக்க அசனார் முன்னால் போனார். முழுக் குர்ஆனும் மனப்பாடமாகத் தெரிந்த ஆள் அவர். நெய்னாவை அவருக்கு நேர் பின்னால் நிறுத்தினார்கள். ஓதும்போது இமாம் தடுக்கினால், பின்னால் நிற்பவர் விட்ட சொல்லை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த இடம்.

இரண்டாவது ரக்அத்தில், தொழுகையின் இரண்டாம் சுற்றில், அசனார் தடுக்கினார்.

குர்ஆன் வசனமான ஒரு ஆயத்தின் நடுவில் நின்றார். பின்னால் போய் மறுபடி தொடங்கினார். அதே இடத்தில் நின்றார். மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் நின்றார்.

குர்ஆனின் அந்த அத்தியாயம், அந்த சூரா, தெரிந்தவர்கள் பள்ளியில் மூன்று பேர். ஒருவர் தடுக்கிக்கொண்டு நின்றார். ஒருவருக்குக் குரல் இல்லை. மூன்றாமவர் நெய்னா.

சொல் அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நெய்னா பல்லைக் கடித்துக்கொண்டார். அசனாரின் பிடரியில் வேர்வை இறங்கிச் சட்டைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பள்ளி முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. கடைசியில் அசனார் அந்த ஆயத்தை அப்படியே விட்டுவிட்டு, முழங்காலில் கை ஊன்றி ருகூவுக்குக் குனிந்தார்.

தொழுது முடித்து வெளியே வந்ததும் இளவட்டங்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"வண்டி மணல்ல பொதைஞ்சிடுச்சே, மாமா!"

"முழுக் குர்ஆனும் தெரியும்னாங்க. முக்கால்தான் போல."

அசனார் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். ஜமாஅத் தலைவர் சிரிக்கவில்லை. "இன்னொரு தரம் இப்படி ஆச்சுன்னா, அந்த ஆளை முன்னால நிறுத்த முடியாது" என்றார்.

நெய்னா உள்ளே வந்து, முப்பது வருஷமாகப் பள்ளியிலேயே கிடந்த தன் முசல்லாப் பாயைச் சுருட்டினார். ஹஜ்ரத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வயதில் மூத்தவர்களை அவர் அண்ணன் முறையில் 'காக்கா' என்றுதான் கூப்பிடுவார்.

"தொழுகிற பாயை எங்கே எடுத்துட்டுப் போறீங்க, காக்கா?"

"பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு. இனிமே அங்கதான்."

"மூணு மைல்."

"கால் இருக்குது."

ஹஜ்ரத் குரலை இன்னும் தாழ்த்தினார். "அந்த ஆயத்து உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"பின்னே?"

"சொல்ல மனசு வரல்லே." நெய்னா பாயைக் கீழே வைத்தார். "என் மக செய்னம்புக்கு மாப்பிள்ளை பேசி முடிச்சு, கல்யாணத்துக்கு அடுப்பு மூட்டியிருந்த நேரம். மாப்பிள்ளை பக்கத்து ஆளுங்க இந்த அசனார்கிட்ட வந்து விசாரிச்சாங்க. பொண்ணுக்கு வலிப்பு வரும்னு தெருவே கேக்கிற மாதிரி சொன்னான். பாதிச் சமையல்ல கல்யாணம் நின்னுது. ஏன்டா சொன்னேன்னு போய்க் கேட்டேன். 'கேட்டாங்க, சொன்னேன்'னான். அவ்வளவுதான். என் மகளுக்கு இப்ப முப்பத்தஞ்சு வயசு. இன்னும் என் வீட்டுலதான் இருக்கா."

"அவர் சொன்னது பொய்யா?"

"இல்லே." நெய்னா பாயை மறுபடி கையில் எடுத்தார். "பொய்யா இருந்திருந்தா என்னைக்கோ மன்னிச்சிருப்பேன், ஹஜ்ரத்."

ஹஜ்ரத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒண்ணு கேக்கிறேன், பதில் சொல்லுங்க" என்றார் நெய்னா. "ஒருத்தனை மன்னிக்க முடியலே. அந்த மனசோட அவன் பின்னால நின்னு தொழுதா, தொழுகை கூடுமா? கூடும்னா இருக்கேன். கூடாதுன்னா பாயோட போறேன்."

"சாயங்காலம் மஃரிபுக்கு வாங்க" என்றார் ஹஜ்ரத். "நீங்கதான் தொழவைக்கணும்."

"நானா?"

"உங்க பின்னால அசனார் காக்கா நிப்பாங்க."

நெய்னா அவரை முறைத்தார். "வேணும்னே செய்யிறீங்க."

"ஆமா" என்றார் ஹஜ்ரத்.

வீட்டுக்கு வந்த நெய்னாவுக்கு அதே யோசனை. இன்றைக்கு அவன் தடுக்கியதை ஊர் பார்த்தது. சாயங்காலம் தான் தடுக்கினால்? அவன் வாயைத் திறப்பானா? அவன் இடத்தில் தான் இருந்தால் திறக்க மாட்டோம் என்பது நெய்னாவுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வம்பே வேண்டாம் என்று சின்ன சூராவாக 'வள்ளுஹா'வை எடுத்துக்கொண்டார். முற்றத்தில் நடந்துகொண்டே ஓதினார். முடித்ததும் மறுபடி தொடங்கினார்.

செய்னம்பு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்ன வாப்பா, ஓதினதையே ஓதுறீங்க? அது எனக்கே தெரியுமே."

"உன் வேலையைப் பாரு" என்றார் நெய்னா.

பொழுது சாய்ந்தது. தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னார்கள். மத்தியானம் நடந்ததைக் கேள்விப்பட்டு வழக்கத்தைவிட அதிகம் பேர் வந்திருந்தார்கள். நெய்னா முன்னால் போய் நின்றார். முதுகுக்குப் பின்னால் அசனார் லேசாகச் செருமுவது கேட்டது. வரிசை நேரானது. தோளோடு தோள் சேர்ந்தது. நெய்னா 'அல்லாஹு அக்பர்' என்று கையை உயர்த்தித் தக்பீர் கட்டினார்.

எல்லாத் தொழுகையிலும் முதலில் ஓதும் அல்ஹம்து சூரா தடையில்லாமல் போனது. எல்லாரும் ஆமீன் சொன்னார்கள். அவர் 'வள்ளுஹா'வைத் தொடங்கினார். முதல் ஆயத்து. இரண்டாவது ஆயத்து. மூன்றாவதை எடுத்தார்.

"மா வத்தஅக்க ரப்புக்க..."

அதோடு நின்றது.

அடுத்த சொல் இல்லை. முற்றத்தில் ஓதிய சொல், ஐந்து வயதில் வாப்பா காதில் போட்ட சொல், போன இடம் தெரியவில்லை. பின்னால் போய் மறுபடி எடுத்தார். "மா வத்தஅக்க ரப்புக்க..." மறுபடியும் நின்றது. பிடரியில் வேர்வை இறங்குவது தெரிந்தது. அதை யார் பார்த்துக்கொண்டு நிற்பது என்பதும் தெரிந்தது.

பல்லைக் கடிச்சுக்கிட்டு நிக்கிறான், என்று நினைத்தார். நிக்கட்டும். நானும் அதைத்தானே செஞ்சேன்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. ஊருக்குக் கேட்கிற குரல் இல்லை. அவருக்கு மட்டும் எட்டுகிற அளவுக்கு மெதுவான குரல்.

"வமா கலா."

நெய்னா வாயைத் திறக்கவில்லை. அந்த வாயிலிருந்து வந்ததை வாங்கி ஓதுவதா? ருகூவுக்குக் குனிந்துவிடலாம். மத்தியானம் அவன் குனிந்த மாதிரியே குனிந்துவிடலாம். முதுகு அதற்குத் தயாராகவும் இருந்தது.

குரல் மறுபடியும் வந்தது. அதே மெதுவில், அவசரம் இல்லாமல், பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது போல.

"வமா கலா."

'உம்முடைய இறைவன் உம்மைக் கைவிடவும் இல்லை, வெறுக்கவும் இல்லை' என்பது அந்த ஆயத்து. பின்பாதிதான் நெய்னாவுக்கு வராமல் நின்றது.

"வமா கலா" என்று ஓதினார். குரல் உடைந்தது. மீதி ஆயத்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமாகவே வந்தன. தொழுகை முடிந்து வலப்பக்கமும் இடப்பக்கமும் ஸலாம் கொடுத்தபோது அவர் தாடி நனைந்திருந்தது.

அசனார் பிறகு தனியாகத் தொழுகிற சுன்னத்துத் தொழுகையையும் முடித்துவிட்டுச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். நெய்னா வாசலில் போய் மறித்தார். பதினேழு வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் அவரிடம் பேசினார்.

"ஏன் சொன்னே?"

அசனார் செருப்பைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். "நின்னுட்டீங்க, சொன்னேன்."

நெய்னா திரும்பி ஹஜ்ரத்திடம் வந்தார். "அதே வாய்தான், ஹஜ்ரத். கொஞ்சம்கூட மாறலே."

ஹஜ்ரத் சிரிக்கவில்லை.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலே" என்றார் நெய்னா. "அவனை இப்பவும் மன்னிக்க முடியலே."

"அந்தக் கோபம் உங்களோடது, காக்கா. வச்சுக்கோங்க" என்றார் ஹஜ்ரத். தொண்டை வலித்தது போலும், எச்சிலை விழுங்கிக்கொண்டார். "மத்தியானம் பல்லுக்குள்ள வச்சுப் பூட்டினீங்களே, அந்த ஆயத்துச் சொல் யாரோடது?"

நெய்னா சுருட்டிய பாயை மடியில் வைத்துக்கொண்டு தூணோரம் உட்கார்ந்திருந்தார்.

இரவு இஷாத் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். ஹஜ்ரத் திரும்பி வந்திருந்த அசனாரைப் பார்த்து, முன்னால் போகச் சொல்லிக் கைகாட்டினார். அசனார் தயங்கித் தயங்கி முன்னால் போனார். தக்பீர் கட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார்.

நேர் பின்னால், பாயை விரித்து, நெய்னா நின்றுகொண்டிருந்தார்.