மேலே மட்டும் போகிற கயிறு

யோவ் கயிற்றுக்காரா, எல்லாம் உன்னால்தான்! என் அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பேசினாலும் கழுத்தை அண்ணாத்திக்கொண்டுதான் பேசுகிறாள். அதற்கும் நீதான் காரணம்.

அன்றைக்கு உன் கடையில் நடந்ததை நான் மறக்கவில்லை. ஒற்றைக் கயிறு, ஆளுக்கொரு இடுப்பு பெல்ட், பெல்ட்டைக் கிளையோடு கட்ட வார்கள், ஹெல்மெட், காலுக்கு ஒரு பிடி, கைக்கு ஒரு பிடி என்று பரப்பி வைத்தாய். பிடியைக் கயிற்றில் மாட்டி இழுத்துக் காட்டினாய். "மேல தள்ளுனா போகுமுங்ணா. கீழ ஒரு அங்குலம் போகாது. யானை தொங்குனாலும் போகாது. கேரண்டி! வேற ஆள் கை வெச்சா மட்டும் கேரண்டி போயிரும்" என்றாய். கடைசியாக இன்னொரு கருவியை எடுத்து, "இது இறங்கறதுக்கு" என்றாய்.

நான் விடுவேனா? மாட்டுச் சந்தையில் தரகர்களோடு மல்லுக்கட்டி மேலே வந்தவன் நான். "ஏறுறதுக்குக் கருவி, சரி. இறங்குறதுக்கு எதுக்கய்யா? தேங்காய் எந்தக் கருவியை மாட்டிக்கிட்டு இறங்குது?" என்று கேட்டேன். அதைக் கழித்துவிட்டு மீதிக்குப் பேரம் பேசி முடித்தேன். நீயும் சிரித்துக்கொண்டே கழித்துக் கொடுத்தாய். யோக்கியமான வியாபாரியாக இருந்தால், என் காலில் விழுந்தாவது அதை என் தலையில் கட்டியிருக்க வேண்டாமா?

அக்கா மகள் கோகிலவாணிக்குக் கல்யாணம். வீட்டு வாசலிலேயே பந்தல். பந்தலுக்கு மேலே பெரிய தூங்குமூஞ்சி மரம். போன காற்றில் அதன் கிளை ஒன்று முறிந்து, பட்டையைப் பிடித்துக்கொண்டு மணமேடைக்கு நேராகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"தம்பி, நீ மாமன் சீர் செஞ்சாலும் சரி, செய்யாட்டியும் சரி. அந்தக் கிளை எம்புள்ள தலைக்கு மேல இருக்கக் கூடாது" என்றாள் அக்கா.

மரம் வெட்டும் காண்டிராக்ட் எடுத்துப் பிழைக்கிறவன் நான். என் அக்கா வீட்டுப் பந்தலிலேயே கிளை விழுந்தால், அப்புறம் எவன் என்னை மரத்தடிக்குக் கூப்பிடுவான்?

என்னிடம் வேலைக்கு மூன்று பேர். சென்னியப்பன் மூத்தவன், யோசிக்காமல் எதையும் செய்ய மாட்டான், யோசித்துவிட்டால் தடுக்க முடியாது. நாச்சிமுத்து, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவன். குழந்தைவேலு சந்தேகம் கேட்கிறவன். உன் கடை வாசலில் நீ பாடம் நடத்தியபோது மூன்று பேரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு சொல்லைக்கூட மறக்கவில்லை. அதுதான் வம்பாகப் போயிற்று.

முதல் வேலை, நூல் கட்டிய கனமான பையைப் பலமான கிளைமேல் வீசுவது. நூல் தாண்டினால் அதைக் கொண்டு கயிற்றை இழுத்துக்கொள்ளலாம். "வீசறப்பக் கண்ணு கிளையிலதான் இருக்கோணும்" என்று நீ சொல்லியிருந்தாய். நாச்சிமுத்து கிளையைப் பார்த்தபடியே வீசினான். பை மேலே போயிற்று, கிளையைத் தொடாமல் திரும்பியது, அவன் உச்சந்தலையில் இறங்கியது. அவன் கண்ணைக் கிளையிலிருந்து எடுக்கவே இல்லை.

"ஏன்டா, பை வர்றது தெரியலையா?"

"கிளையைத்தானுங்ணா பாத்துட்டிருந்தேன்."

"ஹெல்மெட் எங்கடா?"

"ஏறறப்பப் போடோணும்னுதானுங்க சொன்னாரு. நான் இன்னும் ஏறவே இல்லீங்களே."

மூன்று பேரும் கூடிப் பேசினார்கள். தரையில் நின்றுகொண்டு ஹெல்மெட் போடுவது விதிக்கு விரோதம் என்று முடிவாயிற்று. ஒருவழியாகப் பை கிளையைத் தாண்டியபோது, நாச்சிமுத்துவின் தலை ஹெல்மெட்டுக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தது.

கயிறு ஏறியது. ஏறுவதற்கு முன்னால் இரண்டு பேர் தொங்கி, கிளை தாங்கும் என்று நிச்சயப்படுத்திக்கொள்ளச் சொல்லியிருந்தாய் அல்லவா? சென்னியப்பனும் நாச்சிமுத்துவும் தொங்கினார்கள். நான் உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். தொங்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா, தாங்குதா?"

"இதுவரைக்கும் தாங்குதுங்க" என்றான் சென்னியப்பன்.

"அப்புறமென்ன? விடு கயிற்றை."

"இனிமேத்திக்குத் தாங்குமான்னு நிச்சயம் ஆகலீங்களே."

கீழே நின்ற குழந்தைவேலுவுக்குச் சந்தேகம் வந்தது. "இனிமேத்திக்குங்கறது எப்பங்ணா வரும்?"

சென்னியப்பன் கயிற்றோடு ஒரு சுற்றுச் சுற்றி யோசித்தான். "அது வந்துட்டா, இதுவரைக்கும் ஆயிருமப்பா."

"அப்ப நிச்சயம் ஆகவே ஆகாதுங்களா?"

"எப்படி ஆகும்?"

நான் ஒரு சத்தம் போட்டேன். உடனே நிச்சயமாகிவிட்டது.

அடுத்தது, கயிற்றின் ஒரு முனையைக் கீழே கட்டுவது. "அசையாத ஒண்ணுல கட்டுங்க" என்றாய். அடிமரத்தில் கட்டுங்கள் என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சென்னியப்பன் மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"மரம் அசையுதுங்ணா. பாருங்க, இலையெல்லாம் ஆடுது."

பந்தல் காலை அசைத்துப் பார்த்தார்கள். அதுவும் அசைந்தது, பந்தல்காரர் திட்டினார். அப்போதுதான் தெருமுனையில் நின்ற பஞ்சாயத்து ரோடு ரோலர் கண்ணில் பட்டது. கோகிலவாணி பிறந்ததிலிருந்து அது அங்கேயேதான் நிற்கிறது. அதன்மேல் அவரைக்கொடி படர்ந்து காய்த்துக் கிடந்தது. எங்கள் தெருவில் பாதி வீட்டுப் பொரியல் அந்த ரோலரிலிருந்துதான்.

"ஏனுங்கக்கா, இது அசையுங்களா?" என்று சென்னியப்பன் என் அக்காவைக் கேட்டான்.

"அது அசைஞ்சா, ரோட்டைச் செரி பண்ணுங்கன்னு நான் எதுக்குப் பஞ்சாயத்து ஆபீசுக்கு நடக்கறேன்?" என்றாள் அக்கா.

கட்டினார்கள். முடிச்சைக் குறை சொல்ல முடியாது.

அக்கா நடந்த நடைக்குப் பலன் கிடைக்கும் என்று யார் கண்டது? மாப்பிள்ளை வீட்டார் வருகிற பாதையைச் சமன்செய்ய, அன்றைக்குப் பார்த்து ஒரு டிரைவர் புது பேட்டரியோடு வந்தான். நாச்சிமுத்து அப்போதுதான் பெல்ட்டும் பிடியும் மாட்டி, ஹெல்மெட்டை வீக்கத்தின்மேல் நிறுத்தி, முதல் எட்டு வைக்க ஒரு காலைத் தூக்கியிருந்தான். தூக்கிய கால் தூக்கினபடி இருக்க, கிணற்றுக் குடம் மாதிரி மெதுவாக மேலே போனான்.

"அண்ணா! பிரமாதமான சாமானுங்ணா! கையக் கால ஆட்ட வேண்டியதே இல்லீங்க!"

தெருமுனையில் பெண்கள் அவரைக்கொடி போகிறதே என்று கூச்சல் போட, டிரைவர் நிறுத்தினான். நாச்சிமுத்து கிளையில் உட்கார்ந்துகொண்டான். அவனுக்கு ஒரு சொட்டு வியர்க்கவில்லை. ஆகவே இதுதான் சரியான முறை என்று தீர்மானமாயிற்று.

"மேல ஒருத்தன் இருந்தா, கீழ ஒருத்தன் கட்டாயம் இருக்கோணும்" என்றும் நீ சொல்லியிருந்தாய்.

"எங்கங்ணா கீழ?" என்றான் குழந்தைவேலு.

"அவனுக்குக் கீழ" என்றான் சென்னியப்பன்.

ரோலர் பின்னால் வந்து, மறுபடி முன்னால் போயிற்று. குழந்தைவேலு நாச்சிமுத்துவுக்குக் கீழ்க்கிளையில் அமர்ந்தான். இப்போது அவனும் மேலே இருக்கிறவன் ஆகிவிட்டான். அவனுக்குக் கீழே ஆள் வேண்டும். சென்னியப்பன் போய் அதற்கடுத்த கிளையில் அமர்ந்தான். அமர்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டான்.

"அண்ணா, எனக்குக் கீழ ஆளில்லீங்க. விதி கெடுதுங்க."

நான் கோபக்காரன். உனக்கே தெரியும். "இருடா, வந்து நாலு அறை விட்டா விதி நிமிர்ந்துக்கும்" என்று பெல்ட்டை மாட்டினேன். ரோலர் என்னையும் தூக்கியது. அறைந்தேன். அறைந்து முடித்துக் கீழே பார்க்கிறேன், டிரைவர் கயிற்றை ரோலரிலிருந்து அவிழ்த்து அடிமரத்தில் கட்டிவிட்டு, ரோட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கட்ட வேண்டிய இடம் அவன் ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது. அவன் உன் பாடத்துக்கு வராதவன்.

வந்தது வந்தோம், கிளையை அறுத்துவிடலாம் என்றேன். அறுக்கும்போது உடம்பை இரண்டு இடத்தில் கட்டச் சொன்னாயே, ஒரு வாரை நல்ல கிளையில் கட்டினார்கள். இன்னொன்றைக் கட்டக் கைக்கு எட்டியது முறிந்த கிளைதான். அதில் கட்டினார்கள். ரம்பத்தை எடுத்தார்கள். நல்லவேளையாகக் குழந்தைவேலுவுக்குச் சந்தேகம் வந்தது.

"ஏனுங்ணா, இது விழுந்தா நாமளும் கூடப் போவமுங்களா?"

"கட்டியிருக்கறமல்லோ? போய்த்தான் ஆகோணும்" என்றான் சென்னியப்பன்.

"அப்ப அறுக்க வேண்டாமுங்க."

"அறுக்காட்டி எப்படியப்பா விழும்?"

"விழாதுங்க. அக்காவுக்கு அதுதானுங்களே வேணும்?"

யோசித்துப் பார்த்தேன். வாரெல்லாம் சேர்ந்து முறிந்த கிளையை நல்ல கிளையோடு இழுத்துப் பிடித்திருந்தன. நானும் என் பங்குக்கு ஒரு வாரைச் சுற்றினேன். கிளை அசையவில்லை. "அக்கா, வேலை முடிஞ்சுது!" என்று கத்தினேன்.

"அப்ப இறங்கி வாடா! சம்பந்தி வீட்டுக்காரங்க வந்துட்டாங்க!"

பிடியைக் கயிற்றில் மாட்டிக் கீழே தள்ளினேன். போகவில்லை. முக்கித் தள்ளினேன். ஒரு அங்குலம் போகவில்லை. நீ சொன்னதில் பொய்யில்லை ஐயா. தேங்காய் இறங்குகிற வழி ஒன்றுதான் பாக்கி. மேலிருந்து பார்க்கும்போது அது அவ்வளவு நல்ல வழியாகத் தெரியவில்லை.

விடிந்ததும் அக்கா தீயணைப்பு வண்டியை வரவழைத்தாள். ஏணி நீண்டு வந்து என் மூக்குக்கு நேராக நின்றது. ஏறி வந்தவர் என் பெல்ட்டைப் பிடிக்கப் போனார்.

"வேற ஆள் கை வெச்சாக் கேரண்டி போயிருமுங்ணா!" என்று மூன்று பேரும் அலறினார்கள்.

ஆமாம், நீயே சொன்னதுதானே? இவ்வளவு பேசி வாங்கின கேரண்டியை நானே கெடுத்துக்கொள்வதா? அவருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிட்டேன். அதிலிருந்துதான் அக்காவுக்கு என்மேல் வருத்தம்.

முகூர்த்தம் நெருங்கியது. தாய்மாமன் மாலை போடாமல் எங்கள் வீட்டுப் பெண் மேடையில் உட்கார மாட்டாள். கோகிலவாணி மரத்தடியில் வந்து நின்றுகொண்டாள். மாலையைக் கயிற்றில் கட்டி மேலே இழுத்து, நான் கண்ணில் ஒற்றி, கயிற்றிலேயே திருப்பி இறக்கினோம். நாச்சிமுத்து பழக்கதோஷத்தில் கண்ணைக் கிளைமேல் வைத்துக்கொண்டு இறக்கியதில், மாலை நாதஸ்வரக்காரர் கழுத்தில் விழுந்தது. அவர் வாசிப்பை நிறுத்தவில்லை. மறுமுறை பெண் கழுத்தில் சரியாக விழுந்தது. தாலி கட்டியாயிற்று. கிளையும் விழவில்லை.

ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும்போது, மாமன் போட்ட மாலையை மாமன்தான் கழற்ற வேண்டும். கழற்றாமல் வாசல் தாண்டக் கூடாது. அது எங்கள் வீட்டு வழக்கம். மாப்பிள்ளையின் கார் பூவும் ரிப்பனுமாக நின்றது. அக்கா அண்ணாந்து பார்த்து அழுதாள்.

"போடறதுதான் கயித்துல போட்டே. கழட்டறது எப்படிடா, பாவி?"

நாச்சிமுத்து சொன்னான்: "மாமன் இறங்க முடியாட்டி என்னுங்க? பொண்ணு ஏறலாமல்லங்க?"

நான்கு பேரும் யோசித்தோம். பிழை தெரியவில்லை. என் பெல்ட்டையும் ஹெல்மெட்டையும் கழற்றிக் கீழே இறக்கினேன். கயிற்றின் அடிமுனையை எதில் கட்டுவது என்று கேள்வி வந்தது. மாப்பிள்ளை படித்தவர். விதியைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "என் கார் அசையாமத்தானே நிக்குது?" என்றார்.

கார் கிளம்பியது. கோகிலவாணி பட்டுப்புடவையும் ஹெல்மெட்டுமாக மேலே வந்து சேர்ந்தாள். மாலையைக் கழற்றித் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினேன். பந்தலில் கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பெண்டாட்டி இல்லாமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று மாப்பிள்ளையும் அடுத்த நடையில் வந்துவிட்டார். விருந்துச் சாப்பாடு கயிற்றில் வந்துகொண்டிருக்கிறது. ரசம்தான் வழியிலேயே நின்றுவிடுகிறது.

ஆகவே, கயிற்றுக்காரா, மரியாதையாக உடனே கிளம்பி வா. உன் கையாலேயே எங்களை இறக்கு. அப்போதுதான் கேரண்டி நிற்கும். ஏறும் சாமானையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன், எங்களுக்கு இனி ஏற இடமில்லை. அதற்குப் பதிலாக இறங்கும் கருவியைக் கொடு. கீழே நின்றுகொண்டு கத்துகிற வேலை வேண்டாம். கார் தயாராக நிற்கிறது, உன்னைத் தூக்கிவிடும். மேலே வந்து பக்கத்தில் உட்கார்ந்து நியாயமாகப் பேசு. ஆனால் ஒன்று: பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் நீ விலையை ஏற்றுவாய், உன்னை எனக்குத் தெரியும். அதனால், பேரம் முடிகிற வரைக்கும் அந்த இறங்கும் கருவியைக் கீழேயே, அக்காவிடம் கொடுத்துவிட்டு ஏறி வா.