ஏழு முத்திரையும் ஓட்டைக் குடமும்

ஒரு விடுகதை. ஏழு பேர் தொட்டார்கள், ஒருவரும் குடிக்கவில்லை, குடம் காலி. எப்படி? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

வெகு காலத்துக்கு முன் தாழைநாட்டை நெடுமுடியன் என்ற ராஜா ஆண்டு வந்தான். அவனுக்கு முத்திரைப் பித்து. கோபம் வந்தால் ஒரு முத்திரை அதிகாரி, குஷி வந்தால் இன்னொருவர் என்று ஏழு பேரை நியமித்துவிட்டான். ஒரு தச்சரை ஊருக்கு அனுப்பவும் ஏழு முத்திரை வேண்டும். கடைசி முத்திரை பாம்பணையாருடையது. மந்திரி வேணாவுடையாரைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

ஒருநாள் காலை நாச்சி என்ற ஒன்பது வயதுச் சிறுமி மந்திரியிடம் வந்தாள். அவள் ஊர் ஏரியின் மதகுப் பலகை உடைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பயிரோ கதிர் விடும் பருவம். பெரியவர்கள் எல்லாரும் உடைப்பை வைக்கோலால் அடைத்துப் பிடித்துக்கொண்டு நிற்பதால் இவள் வந்தாளாம். தச்சரைக் கேட்டு ஓலை அனுப்பி மூன்று நாள் ஆயிற்றாம்.

ஏழு முத்திரை அதிகம் என்று மந்திரி போய்ச் சொன்னதும் ராஜாவின் முகம் சுருங்கியது.

"என் அதிகாரிகளைக் குறைசொல்லி ஒரு வார்த்தை பேசாமல் அதை நிரூபித்துக் காட்டும். பொழுது சாய்வதற்குள் முடியாவிட்டால் நீர்தான் எட்டாவது முத்திரை."

மந்திரியாருக்குப் பொருத்தமான வேலைதான் என்று பாம்பணையார் மீசைக்குள் சிரித்தார்.

வேணாவுடையார் புது ஓலை எழுதினார். அடியில் ஊசித்துளை போட்ட குடத்தில் தண்ணீர் நிரப்பி, அதன் கழுத்தில் ஓலையைக் கட்டி முதல் அதிகாரியிடம் கொடுத்தார். முத்திரை வைத்ததும் குடத்தோடு அடுத்தவரிடம் தரவேண்டும், அவ்வளவுதான். பிறகு மந்திரியும் நாச்சியும் வாசலில் உட்கார்ந்து முறுக்குத் தின்றார்கள்.

குடம் ஒழுகுவதை ஏழு பேரும் பார்த்தார்கள். தங்கள் வேலை முத்திரை வைப்பது மட்டும்தானே என்று இருந்துவிட்டார்கள்.

சாயங்காலம் குடம் ராஜாவிடம் வந்தது. கவிழ்த்தான், ஒரு சொட்டு விழவில்லை. தண்ணீர் எங்கே என்று கேட்டான். மந்திரி வாய் திறக்காமல் தரையைக் காட்டினார்.

ராஜா ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தான். முதல் அதிகாரியின் இடத்தில் உள்ளங்கை அளவு. நாலாமவர் இடத்தில் தாம்பாளம் அளவு. பாம்பணையார் இடத்தில் குளம். அவர் வேட்டியே நனைந்திருந்தது.

"ஓலையைப் படித்தீரா?"

"மந்திரி எழுதியதுதானே அரசே, கொஞ்சம் ஆறட்டும் என்று வைத்திருந்தேன்."

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். நாச்சி சிரிக்கவில்லை.

"எங்க ஏரியும் இப்படித்தான் ராஜா காலியாகுது."

ராஜாவின் சிரிப்பு நின்றது. மதகைப் பார்த்துச் சொல்ல ஒருவர், தச்சரை அனுப்ப ஒருவர், இனி இரண்டே முத்திரை என்றான். மந்திரிக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டான். பாம்பணையார் தச்சரோடு போய், மதகு சரியாகும்வரை வைக்கோலைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றான்.

கடைசியில் நாச்சியிடம் வந்தான். இன்று அரண்மனையில் விருந்து சாப்பிட்டுவிட்டு நாளை யானைமேல் ஊருக்குப் போகலாம். இல்லையென்றால் இப்போதே புறப்படும் தச்சர் வண்டியில் போகலாம். எது வேண்டும் என்று கேட்டான்.

நாச்சி வண்டியில் ஏறிக்கொண்டாள்.