பலகை பொய் சொல்லக் கூடாது

“தரை காஞ்சுபோச்சுன்னு யாருகிட்டயும் சொல்லிப்போடாத.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன்களை அடுக்கிக்கொண்டிருந்த என் காதில் இது விழுந்தது. சொன்னவர் சென்னியப்பன். எங்கள் மருத்துவமனைத் தரையைச் சுத்தம் செய்யக் காண்ட்ராக்ட் எடுத்தவர். தலையாட்டியவன் அவருடைய மச்சினன் உலகநாதன். தரை காய்வது ரகசியமாக வைக்கவேண்டிய விஷயம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர்கள் நான்கு பேர். சென்னியப்பன், அவர் மனைவி கனகு, கனகின் தம்பி உலகநாதன், அப்புறம் நாச்சிமுத்து. நாச்சிமுத்து முன்பு கோர்ட்டில் பெருக்கிக்கொண்டிருந்தவர். ஆகவே சட்டம் சம்பந்தப்பட்ட சந்தேகம் எதுவானாலும் அவரிடம்தான் போகும்.

எங்கள் தரை வினைல் தரை. பார்த்தால் மரப்பலகை மாதிரி இருக்கும், உண்மையில் விரிப்பு. அதைப் போட்டுக்கொடுத்த கம்பெனியிலிருந்து ஒருவர் வந்து பராமரிப்பு சொல்லிக்கொடுத்தார். நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்க வேண்டும். பாலிஷ் காயும்வரை பாதம் படக் கூடாது. தண்ணீர் தேங்கவே கூடாது, மாப்பை ஒட்டப் பிழிந்துதான் துடைக்க வேண்டும். நால்வரும் கைகட்டி நின்று கேட்டார்கள். கேட்டதில் ஒன்றைக்கூட மறக்கவில்லை. தொல்லையே அதுதான்.

மறுநாள் கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர் தன் முறைக்காகக் காத்திருந்தார். அவர் நாற்காலிக்கு அடியில் துடைக்க வேண்டியிருந்தது. கனகும் உலகநாதனும் அவரை நாற்காலியோடு தூக்கி, எக்ஸ்ரே அறைவரை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். வாயில் பஞ்சு இருந்ததால் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இரண்டு கைகளையும் உயரத் தூக்கி ஆட்டினார்.

“வாழ்த்தறாருங்க,” என்றாள் கனகு.

பாலிஷ் போட்ட அன்று உலகநாதன் துண்டை உள்ளேயே மறந்து வைத்துவிட்டான். போய் எடுத்துவந்தான். தரையில் ரயில் தண்டவாளம் போல இரண்டு கோடுகள் விழுந்தன. டாக்டர் இந்திராணி கூப்பிட்டு விசாரித்தார்.

“பாதம் படலீங்க மேடம். முட்டி போட்டுத்தான் போனேன்,” என்று இரண்டு பாதங்களையும் திருப்பிக் காட்டினான். சுத்தமாகத்தான் இருந்தன.

அதற்குப் பிறகு பலகை விவகாரம் வந்தது. ‘தரை ஈரம், பார்த்துப் போகவும்’ என்று எழுதிய மஞ்சள் பலகை ஒன்று வாசலுக்கு நேரே நிற்கும். பலகைக்கு அடியிலும் துடைக்க வேண்டுமே என்று நாச்சிமுத்து ஒரு நாள் அதை எடுத்து ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டிவிட்டார். ஈரத் தரையில் காலெடுத்து வைத்தார் மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர். டோக்கன் இல்லாமல் நேராக டாக்டர் அறைக்குள் போய்ச் சேர்ந்த ஒரே மனிதர் அவர்தான்.

டாக்டர் சென்னியப்பனை நிற்கவைத்துச் சொன்னார். “இனிமேல் நான் வாயால சொல்லாம அந்தப் பலகையை யாரும் எடுக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமை தரை முழுக்கப் புதுசா பாலிஷ் போடுங்க. நாலு மணிக்கு வந்து பார்ப்பேன். காஞ்சு பளபளன்னு இருந்தா நீங்களே செய்யுங்க. இல்லேன்னா திங்கட்கிழமை பல்லடத்து ஆளுங்க வராங்க.”

சென்னியப்பன் முகம் சுண்டிப்போயிற்று. கல்யாண மண்டபத்தில் வேலை போய்விட்டது, துணிக்கடையிலும் போய்விட்டது. தாராபுரத்தில் அவர்களை உள்ளே விடுகிற தரை எங்களுடையது ஒன்றுதான்.

அந்த ஞாயிறு அவர்கள் வேலை செய்ததைக் குறை சொல்லவே முடியாது. பழைய பாலிஷை உரித்தார்கள். துடைத்தார்கள். உள்ளேயிருந்து வாசலை நோக்கி மெல்லிசாக ஒரு பூச்சு, அது காய்ந்ததும் மேலே இன்னொன்று. காயும்வரை நால்வரும் வெளிப்படியில் உட்கார்ந்து தங்கள் பாதங்களைக் காவல் காத்தார்கள். மத்தியானத்துக்குள் தரை காய்ந்து, டியூப் லைட் அதில் படுத்துக்கிடந்தது. அதோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் பலகை நின்றுகொண்டிருந்தது.

நாச்சிமுத்து அதன் முன்னால் குந்தி, எழுத்துக்கூட்டிப் படித்தார். “தம்பி, தரையத் தொட்டுப் பாரு.”

“காஞ்சுபோச்சுங்ணா,” என்றான் உலகநாதன்.

“பலகை ஈரம்ங்குது.”

“ஆமாங்.”

“அப்பப் பலகை பொய் சொல்லுது. அதும் எழுத்துல. வாயில சொன்ன பொய்யின்னா வக்கீலு வாதாடுவாரு. எழுத்துல சொன்ன பொய்யின்னா அவரே எந்திரிச்சுப் போயிருவாரு. நான் பாத்திருக்கறேன்.”

“எடுத்து உள்ள வெச்சுட்டா என்னங்?” என்று கேட்டாள் கனகு.

“மேடம் வாயால சொல்லோணும்,” என்றார் சென்னியப்பன். “அந்த வாயி இப்பக் கோயமுத்தூர்ல கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுட்டு இருக்குது. போனையும் எடுக்க மாட்டேங்கறாங்க.”

அப்போதுதான் மச்சினனின் காதில் அந்த ரகசியத்தைச் சொன்னார்.

என் குரல் சாதாரணமாக மேசையைத் தாண்டிப் போகாது. அன்றைக்குத் தாண்டிவிட்டது. “பலகையைத் திருப்பி வைக்கலாமே அண்ணா,” என்றேன்.

நால்வரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். திருப்பினார்கள். அந்தப் பக்கமும் ‘தரை ஈரம்’ என்றுதான் இருந்தது.

“ஒரு சாட்சி ரெண்டாயிருச்சு,” என்றார் நாச்சிமுத்து. நான் மறுபடி டோக்கன்களை அடுக்கத் தொடங்கினேன்.

சென்னியப்பன் வெகுநேரம் யோசித்தார். “பலகைய மாத்த முடியாது. தரையத்தான் மாத்தோணும்.”

“தண்ணி தேங்கக் கூடாதுன்னாங்களே.”

“தேங்கத்தான் கூடாது கனகு. ஒட்டப் பிழிஞ்சு தொடச்சா ஈரமும் ஆச்சு, சொன்னபடியும் ஆச்சு.”

கனகு பலகைக்கு முன்னால் கொஞ்சம் துடைத்தாள்.

“பத்தாது அம்மிணி,” என்றார் நாச்சிமுத்து. “இந்த எடம்னா எழுதியிருக்குது? தரைன்னு எழுதியிருக்குது. முச்சூடும் நனையோணும்.”

ஒட்டப் பிழிந்த மாப்பு, சித்திரை வெயில். இந்தக் கோடி நனைவதற்குள் அந்தக் கோடி காய்ந்தது. ஃபேன்களை நிறுத்தினார்கள். அப்படியும் காய்ந்தது. நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

“அக்கட்டக் காயுது மாப்ள, ஓடு,” என்றார் சென்னியப்பன்.

“இக்கட்டயும் காயுதுங் மாமா.”

நாலு மணிக்கு டாக்டர் பட்டுப் புடவையோடு வந்து வாசலில் நின்றார். தரை முழுக்க ஒரே ஈரம்.

“இன்னும் காயலையா?”

“மத்தியானமே காஞ்சுதுங்க மேடம்,” என்றார் சென்னியப்பன், மூச்சு வாங்க. “நாங்கதான் விடலீங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டோக்கன்களைப் பார்த்தேன். நாச்சிமுத்து சட்டத்தை விளக்கினார். எந்தப் பல் வலிக்கிறது என்று தெரியாத நோயாளி சொல்வதைக் கேட்பதுபோல டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஃபேன்களைப் போடச் சொன்னார்.

தரை காய்ந்தது. பாலிஷுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டருடைய புடவையின் ஜரிகை கீழேயும் தெரிந்தது. அவர் ஒரு முறை திரும்பி அதைப் பார்த்தார். இன்னொரு முறையும் பார்த்தார்.

“சரி. நாளையிலேர்ந்து நீங்களே வாங்க. முதல்ல அந்தப் பலகையைத் தூக்கி வெளியில வைங்க.”

“வாயாலயே சொல்லிப்போட்டாங்க,” என்றாள் கனகு.

சென்னியப்பன் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டை ஒட்டப் பிழிந்தார். நால்வரும் ஆளுக்கொரு கால் பிடித்துப் பலகையைத் தூக்கிப்போய், கேட்டுக்கு வெளியே உடுமலை ரோட்டின் ஓரத்தில் வைத்தார்கள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாச்சிமுத்து குந்தி, பலகையைப் படித்தார். பிறகு ரோட்டைத் தொட்டுப் பார்த்து, சூடு தாங்காமல் கையை உதறினார்.

நால்வரும் ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்தார்கள்.

“இந்தத் தரை எதுவரைக்கும் போகுதுங்ணா?” என்று கேட்டான் உலகநாதன்.

“உடுமலப்பேட்ட வரைக்கும்.”

கனகு கையிலிருந்த மாப்பைப் பார்த்தாள். “இது பத்தாதுங்களே.”

சென்னியப்பன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடு ரோட்டுக்குப் போய், எதிரே வந்த தண்ணீர் லாரியைக் கைகாட்டி நிறுத்தினார்.