எண்ணெய் குடித்த ரம்பம்

புஸ்ஸ்... புஸ்ஸ்... கர்ர்ர்க்!

கேட்டுச்சா? பயப்படாதே, அது இங்க இல்ல. ஒரு ஊர்ல, கோத்தகிரிக்கு மேல ஒரு தேயிலைச் சரிவுல, ஒரு வீடு. இருட்டினப்புறம் அந்த வீட்டுக் கதவுல கேட்ட சத்தம் அது. உள்ள யாரு? பிரிசில்லாவும் அவ கைக்குழந்தையும். வீட்டுக்காரர் லாரியோட வெளியூர் போயிருக்கார். பிரிசில்லா கட்டிலைக் கதவுக்கு முட்டுக் குடுத்து, அது மேலயே ஏறி உட்கார்ந்துட்டா. ம் சொல்லு.

விடிஞ்சு பாத்தா, ஐயோ! கதவெல்லாம் கீறல். தாழ்ப்பாள் பேந்து தரையில கிடக்குது.

"கரடிடி. வந்த வாசலுக்கு மறுபடி வரும்," னாங்க பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா. "ராத்திரி எங்க வீட்டுக்கு வந்துடு."

"போன வாரம் உங்க அடுப்படியில பூந்து எண்ணெய்த் தூக்கைக் காலி பண்ணுனது யாருக்கா?"

ஆசாரியைக் கேட்டா, திங்கக்கிழமை வர்றாராம். அதைக் கரடிகிட்ட யார் போய்ச் சொல்றது?

அப்போதான் பின்கொட்டகையில மாமனாரோட பழைய நாடா ரம்பம் ஞாபகம் வந்துச்சு. மேசை மேல வைக்கிற சின்ன மெஷின். மேல ஒரு சக்கரம், கீழ ஒரு சக்கரம், ரெண்டையும் சுத்தி ரிப்பன் மாதிரி ரம்பம் ஓடும். எப்படி வளைச்சாலும் வெட்டும். மரக்கொக்கி ரெண்டு வெட்டிக் கதவோட ரெண்டு பக்கமும் முடுக்கி, குறுக்க ஒரு கட்டையைப் போட்டா ஆச்சு!

"நீ படிச்ச கான்வென்ட்ல இதெல்லாமா சொல்லிக் குடுத்தாங்க?" னாங்க கூடவே வந்த அக்கா.

"தையல் சொல்லிக் குடுத்தாங்கக்கா."

அப்புறம் சுவிட்சைப் போட்டா, ம்ம்ம்ம்னு முக்குது, சக்கரம் அசையல. அவ்வளவு துரு! மெஷின் எண்ணெய்க்கு எங்க போறது? பிளக்கைப் பிடுங்கிட்டு, தலைக்குத் தேய்க்கிற தேங்காயெண்ணெயை அச்சுல ஊத்தி, மேசையிலயும் தேய்ச்சு, கையால சுத்தினா. கிர்க்... கிர்க்... சர்ர்ர்!

அப்புறம் ஓட விட்டா, சளக் சளக் டொய்ங்! ரம்பம் சக்கரத்தை விட்டு எகிறிடுச்சு. சக்கரத்து ரப்பர் புட்டு மாதிரி உதிர்ந்து கிடக்குது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி, பாவாடைக்கு எலாஸ்டிக் போடுற மாதிரி இழுத்து மாட்டினா.

அப்புறம் ஆணியில தொங்கின புது ரம்பத்தை மாட்டிக் கட்டையைக் காட்டினா, டப டப டப்! கட்டை துள்ளித் தகரக்கூரையில மோதுச்சு.

"அடி ஆத்தி! கரடியே தேவலாம்டி!" அக்கா வாசலுக்கு ஓடிட்டாங்க.

பிரிசில்லா பிளக்கைப் பிடுங்கிட்டு உத்துப் பாத்தா. கீழ பாக்க வேண்டிய பல்லெல்லாம் வானத்தைப் பாக்குது. தலைகீழாத் திருப்பினா பல்லு பின்பக்கம் போயிடுது. என்னடா இது? அப்போ கொடியில காஞ்ச குழந்தை கவுனைப் பாத்தா. உள்பக்கம் வெளிய வந்து தொங்குது. ஓ! கவுனைத் திருப்புற மாதிரியே ரம்ப வளையத்தை உள்பக்கம் வெளிய வரத் திருப்பி மாட்டினா. பல்லு தரையைப் பாத்துச்சு.

ஸ்ஸ்ஸ்ஸ்... வாழைத்தண்டு மாதிரி வெட்டுச்சு. ம் சொல்லு. தூங்கிட்டியா?

ரெண்டு கொக்கியும் வெட்டி முடிக்கப் பொழுது சாஞ்சிடுச்சு. அக்கா அவங்க வீட்டுக்குப் போயாச்சு. பிரிசில்லா கதவைச் சாத்திக்கிட்டு, உள்பக்கம் ஒரு கொக்கியை முடுக்கிட்டா. இன்னொண்ணுல கடைசித் திருகாணி.

புஸ்ஸ்... புஸ்ஸ்...

பிரிசில்லா மூக்கைத் துடைக்கக் கையைத் தூக்கினவ அப்படியே நின்னுட்டா. கையெல்லாம் தேங்காயெண்ணெய் வாசம்! கரடி நடமாடுற ஊர்ல, ஒரு பாட்டில் எண்ணெயை மெஷினுக்கு ஊத்தி, நானே வா வான்னு கூப்பிட்டுட்டேனே!

தொப்... தொப்... கதவுப் பக்கம் வந்துச்சு. நின்னுச்சு. அப்புறம் கொட்டகைப் பக்கம் திரும்பிடுச்சு.

சளப்... சளப்... சளப்...

மெஷினை நக்குது! நக்கு ராசா, நல்லா மெதுவா நக்கு. இவ திருகாணியை முடுக்கறா. கை வழுக்குது. முந்தானையில துடைச்சுக்கிட்டு மறுபடி முடுக்கறா.

சளப் சத்தம் நின்னுச்சு. தொப்... தொப்... தொப்...

டொக்! குறுக்குக்கட்டை கொக்கியில உட்கார்ந்துச்சு.

கர்ர்ர்க், ஒரு தள்ளு. கர்ர்ர்க், ரெண்டாவது. மூணாவது தள்ளுல சுவரே அதிர்ந்துச்சு. கட்டை? அசையவே இல்ல.

கதவு போட்டாச்சு, கரடி போயாச்சு, கண்ணை மூடு.