வலிக்காத தூரம்

செண்பகவல்லி புத்தகமும் கையுமாக வந்து நின்றபோது அம்மை சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மை, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கக்கா."

"இந்தப் புத்தகத்துல என்னைப் பத்தி எழுதியிருக்கு."

அம்மை நிமிர்ந்து பார்த்தார். செண்பகவல்லியின் கண்கள் அழுது சிவந்திருந்தன. ஆனால் முகம் அழுத முகமாக இல்லை. தொலைந்த பிள்ளை பஸ் ஸ்டாண்டில் பத்திரமாக இருக்கிறது என்று சேதி வந்தவளைப் போல இருந்தாள்.

மேற்கு மலையடிவாரத்தில் ஒரு வாய்க்காலை ஒட்டி இருந்தது அந்த ஆசிரமம். அம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. செண்பகவல்லி ஐம்பதைத் தாண்டியவள். குருவாக இருந்தும், தன்னைவிட மூத்தவர்களை அம்மை அக்கா என்றும் அண்ணாச்சி என்றும்தான் கூப்பிடுவார். முதலில் கூசிப்போனவர்கள் போகப்போகப் பழகிக்கொண்டார்கள்.

செண்பகவல்லிக்குச் சத்தம் ஆகாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான். மிக்ஸி ஓடினால் கொல்லைக்கு ஓடுவாள். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எதுவும் புரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ரவிக்கையின் உள்தையல் உறுத்துகிறது என்று அதைத் திருப்பிப் போட்டு, மேலே சேலையை இழுத்துவிட்டுக்கொள்வாள். ஊரில் அவளுக்கு வைத்த பேர் திமிர் பிடித்தவள்.

கல்யாணம் நடந்தது. கெட்டிமேளம் முழங்க மாப்பிள்ளை தாலியை எடுத்தபோது அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டாள். மண்டபமே பார்த்தது. மூன்று வருஷம் குடித்தனம் நடந்தது. அந்த மூன்று வருஷமும் மாமியார் அதைச் சொல்லாத நாள் இல்லை. "தாலி ஏறும்போது காதப் பொத்துனவ இவ." கடைசியில் ஒரு பெட்டியோடு அவளைப் பிறந்த வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

ஆசிரமத்துக்கு வந்த பிறகும் அது அவளை விடவில்லை. சாயங்கால பூஜையில் பலவேசம் அண்ணாச்சி சேகண்டி அடிப்பார். அகலமான வெண்கலத் தட்டு. மரக்கட்டையால் ஓங்கி அடித்தால் ஓசை மலை வரைக்கும் போய்த் திரும்பி வரும். அவர் அதை எடுக்கும் முன்பே செண்பகவல்லி தோப்புக்குப் போய்விடுவாள். சாமி சத்தத்தையே தாங்காத உடம்பு என்ன உடம்பு, போன ஜென்மத்தில் என்ன பாவம் செய்தோமோ என்று அங்கே தென்னை மரத்தடியில் காதைப் பொத்தி நின்று குமைந்துகொண்டிருப்பாள். ஒரு முறை பல்லைக் கடித்துக்கொண்டு பூஜை மண்டபத்திலேயே நின்று பார்த்தாள். வாந்தி எடுத்து விழுந்தாள். பலவேசம் அதன் பிறகு அவளோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆசிரமத்து நூலகம் அவள் பொறுப்பில் இருந்தது. தியானத்துக்கு வந்து தங்கிப்போன ஒரு மனநல மருத்துவர் அட்டைப்பெட்டி நிறையப் புத்தகங்கள் அனுப்பியிருந்தார். மனக்காயங்களைப் பற்றி ஒன்று. அடையாளத்தைப் பற்றி ஒன்று. மூளையின் அமைப்பிலேயே மற்றவர்களிடமிருந்து வேறுபட்டுப் பிறந்தவர்களைப் பற்றி ஒன்று. இன்னும் சில. அட்டை போடுவதற்காகப் பிரித்தவள், அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தாள். சாப்பாட்டுக்கு ஆள் வந்து கூப்பிட்டது காதில் விழவில்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார் அம்மை.

"சில பேருக்குச் சத்தம் காதுல கேக்காதாம், உடம்புல குத்துமாம். துணி உறுத்துமாம். அது திமிரு இல்லியாம். பொறப்பே அப்படியாம். என்னை மாதிரி நிறைய பேரு இருக்காங்களாம், அம்மை."

"ம்."

"அப்ப நான் பாவம் பண்ணலியா?"

அம்மை கீரைத் தண்டை ஒடித்துப் போட்டார்.

"எனக்குத் தெரியாதேக்கா. நான் இதை வாசிச்சதில்ல. வாசிச்சுக் காட்டுதீங்களா?"

அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் செண்பகவல்லி வாசிப்பாள், அம்மை கேட்பார். கேட்டுக்கொண்டே கீரை ஆய்வார், பருப்பு புடைப்பார், கிழிந்த துண்டுக்குத் தையல் போடுவார். விளக்கம் ஒன்றும் சொல்லமாட்டார். நடுவே ஏதாவது கேட்பார், அவ்வளவுதான்.

"அன்னைக்கு மண்டபத்துல கெட்டிமேளம் அடிக்கும்போது எப்படி இருந்துச்சு?"

அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. ஏன் பொத்தினாய் என்று கேட்டவர்கள்தான் எல்லோரும்.

"தலைக்குள்ள யாரோ பாத்திரத்தைப் போட்டு உடைக்க மாதிரி இருந்துச்சு. அவரு முகத்தைப் பாக்கணும்னு ஆசையாத்தான் இருந்தேன். பாக்க முடியல."

ஊசியை அப்படியே வைத்துவிட்டார் அம்மை. பிறகு அதைத் திரும்ப எடுத்து, "மேல வாசிங்க" என்றார்.

இன்னொரு நாள், இப்படிப்பட்ட குழந்தைகளைப் பெற்றவர்கள் வெடிச்சத்தத்திலிருந்து அவர்களை எப்படிக் காக்கலாம் என்ற பக்கம் வந்தது. வாசித்துக்கொண்டே வந்த செண்பகவல்லி பாதி வரியில் நின்றுவிட்டாள்.

"என்னக்கா?"

"எங்கம்மா."

"சொல்லுங்க."

"தீபாவளிக்குத் தீபாவளி எங்கம்மா என்னை மட்டும் கூட்டிக்கிட்டு ஒரு ஊருக்குப் போவா. தூரத்துச் சொந்தம். மத்த பிள்ளைங்கள்லாம் அப்பாகூட வீட்டுல புதுத்துணி, பலகாரம்னு இருக்கும். நாங்க ரெண்டு பேரும் காலி பஸ்ஸுல போவோம். எனக்கு அப்படியே வயிறு எரியும். வீட்டுக்கு விருந்தாளி வார நாளுல இந்தப் பிள்ளை இருந்தா வெக்கக்கேடுன்னு ஒளிச்சு வைக்கான்னு நெனச்சேன். அவ சாகுற வரைக்கும் அப்படித்தான் நெனச்சேன்."

"அந்த ஊர்ல என்ன?"

"பெரிய குளம். எங்கிருந்தோ பறவையெல்லாம் வந்து அடையும். அதுக பயந்துரும்னு அந்த ஊர்ல யாரும் வெடி போடமாட்டாங்க, அம்மை." அவள் புத்தகத்தை மூடினாள். "தீபாவளி அன்னைக்கு அந்த ஊர்ல சத்தமே இருக்காது. நாள் பூரா நானும் அவளும் கரையில உக்காந்திருப்போம். அவ ஒரு புத்தகமும் வாசிச்சவ இல்ல. கையெழுத்துக்கூடப் போடத் தெரியாது. அவளுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அம்மை கையில் இருந்ததைக் கீழே வைத்தார். நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று மேலே வாசிக்கவில்லை.

வாசிப்பு நடப்பது பலவேசத்துக்குப் பிடிக்கவில்லை. ஒரு நாள் நேராக வந்து கேட்டுவிட்டார்.

"அம்மை, தப்பா நெனைக்கக் கூடாது. நான் உடம்பு இல்ல, நான் மனசு இல்லன்னு சொல்லிக் குடுக்க இடம் இது. இங்க உக்காந்து என் மூளை இப்படி, எனக்குப் பட்ட காயம் இப்படின்னு வாசிச்சா எங்க போய் முடியும்?"

"நியாயமான கேள்விதான், அண்ணாச்சி" என்றார் அம்மை. "உக்காருங்க. கேட்டுட்டுச் சொல்லுங்க."

பலவேசம் தூணுக்கு அந்தப்பக்கம் பாதி முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். செண்பகவல்லி அன்று வாசித்தது மனக்காயங்களைப் பற்றிய புத்தகம். பள்ளிக்கூடத்து வெயிலில் முழங்கால் போட்டு நிறுத்தப்பட்ட ஒரு பையன், பெரியவனாகி, வீட்டில் யார் குரல் உயர்ந்தாலும் அதைவிட உரக்கக் கத்துகிறவனாக ஆன கதை அதில் இருந்தது. பயந்தவன் சில நேரம் சத்தத்துக்குள் போய் ஒளிந்துகொள்கிறான் என்று எழுதியிருந்தது.

பலவேசம் எழுந்து போய்விட்டார்.

அவர் கோபித்துக்கொண்டார் என்றுதான் செண்பகவல்லி நினைத்தாள். மறுநாள் வாசிக்க மனம் வரவில்லை. அம்மைதான், "வாசிங்க, வந்தா வாராரு" என்றார். வந்தார். இந்த முறை தூணுக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தார்.

"ஏம்மா, நேத்து வாசிச்சியே, அந்தப் பக்கத்தைத் திரும்ப வாசி."

வாசித்தாள். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "இன்னொரு தடவை" என்றார். அவருக்கு என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் வாசிப்புக்கு வராமல் இருக்கவில்லை. காது மந்தம் என்று சாக்குச் சொல்லி ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே நகர்ந்து வந்தார்.

ஒரு நாள் வாசிப்பு முடிந்து எழுந்தபோது அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"செம்பகம், ஒண்ணு கேக்கட்டா? எம்புட்டு தூரத்துல அடிச்சா உனக்கு வலிக்காது?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அம்மையைப் பார்த்தாள். அம்மை புடைத்த பருப்பை டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தார், தனக்குச் சம்பந்தமே இல்லாததைப் போல.

"எனக்காக எதுக்கு அண்ணாச்சி?"

"கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு."

"தெரியலியே. யாரும் பாத்ததில்லியே."

"அப்ப பாத்துருவோம்."

சேகண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினார். செண்பகவல்லியை மண்டபத்துப் படியில் நிறுத்தி, வலிக்காமல் கேட்டால் கையைத் தூக்கு என்று சொல்லிவிட்டு, மாட்டுத்தொழுவத்திலிருந்து ஒரு அடி அடித்தார். அவள் காதைப் பொத்தினாள். வாழைத் தோட்டத்துக்குள் போய் அடித்தார். பொத்திய கை இறங்கவில்லை. மாமரத்தடியில் அடித்தார். தோள் குலுங்கியது, ஆனால் ஒரு காதிலிருந்து கையை எடுத்துவிட்டாள். ஆசிரமத்தில் இருந்த எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள். "இன்னும் தள்ளி, அண்ணாச்சி!" என்று யாரோ கத்தினார்கள். "ஊரைத் தாண்டிப் போயிராதீங்க!" என்று இன்னொருவர் கத்த, செண்பகவல்லிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பலவேசம் வேட்டியை மடித்துக் கட்டி, இடுப்பளவுத் தண்ணீரில் வாய்க்காலைக் கடந்து, அக்கரையில் போய் நின்றார்.

அங்கிருந்து அடித்தார்.

செண்பகவல்லி காதைப் பொத்தவில்லை. ஓசை தண்ணீருக்கு மேலாக வந்தது. அடித்ததற்குப் பிறகு ஒரு ரீங்காரம் நீண்டு, மெலிந்து, எங்கே முடிகிறது என்று தெரியாமல் மலைக்குள் போனது. இத்தனை வருஷம் சேகண்டிக்கு அப்படி ஒரு வால் இருப்பதே அவளுக்குத் தெரியாது. கையைத் தூக்க மறந்து நின்றாள்.

"கேக்குதா?" என்று அக்கரையிலிருந்து கத்தினார் பலவேசம்.

"நல்லா இருக்கு, அண்ணாச்சி!" என்று இவள் கத்தினாள். அவள் கத்தி யாரும் அதுவரை கேட்டதில்லை.

அதிலிருந்து சாயங்காலச் சேகண்டி வாய்க்காலுக்கு அக்கரையில்தான். தண்ணீர் அதிகமாக வரும் நாட்களுக்காக இரண்டு பனந்தடியைக் குறுக்கே போட்டுக்கொண்டார்கள். செண்பகவல்லி மண்டபத்தில், தீபத்துக்கு நேர் எதிரே நின்று பூஜை பார்த்தாள். முதல் நாள் அவளால் கண்ணீரை அடக்க முடியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். அதுவும் தப்பில்லை.

புத்தகங்கள் எல்லாம் வாசித்து முடிந்தன. அவற்றை அலமாரியில் அடுக்கிவிட்டு வந்த செண்பகவல்லி அம்மையின் எதிரே உட்கார்ந்தாள்.

"மனசுல என்ன ஓடுது?" என்றார் அம்மை.

"இதையெல்லாம் எழுதுனவங்க முகம்கூட எனக்குத் தெரியாது. நான் ஒருத்தி இருக்கேன்னு அவங்களுக்கும் தெரியாது. ஆனா தெனமும் விளக்கு ஏத்தும்போது அவங்களை நெனைச்சுக்கிடுதேன். எங்கம்மாவையும்."

"நல்லதுக்கா."

"ஆனா ஒரு குழப்பம் இருக்கு."

"சொல்லுங்க."

"ஒரு புத்தகம் எனக்கு இருக்கது ஆட்டிசம், மூளையோட பொறப்பே அப்படிங்குது. இன்னொண்ணு பட்ட காயம்தான் இப்படி ஆக்கிருச்சுங்குது. இன்னொண்ணு, ஊரு வச்ச பேரையே நாம நம்பிட்டோம், நமக்கு நாமளே பேரு வைக்கணும்ங்குது. எல்லாமே சரின்னுதான் படுது. நீங்களோ, இதெல்லாத்துக்கும் அப்பால இருக்கதுதான் நாமன்னு சொல்லிக் குடுத்திருக்கீங்க. அதுவும் சரின்னு படுது. இதுல நான் யாரு, அம்மை?"

"புத்தகத்துல ஒருத்தியைப் பாத்தீங்கள்லா? சத்தம் தாங்காதவ, தையலைத் திருப்பிப் போடுதவ. அவ இத்தனை வருஷமா எங்க இருந்தா?"

செண்பகவல்லி யோசித்தாள்.

"எங்கூடவேதான் இருந்திருக்கா. நான்தான் திட்டித் திட்டி வாசல்லயே நிக்க வச்சிருந்தேன்."

"இப்ப?"

"இப்பத்தான் உள்ள வந்திருக்கா."

அம்மை சிரித்தார்.

"பாவம், இம்புட்டு நேரம் வெயில்ல நின்னவ. யாரு எவருன்னு மெதுவாக் கேட்டுக்கிடலாம். முதல்ல அவளை உக்காரச் சொல்லுங்கக்கா."